கட்டைவிரல் சாட்சி

“பாடி எப்பங்க கெடைக்கும்?”

கேட்டவர் ஆம்புலன்ஸ் டிரைவர்.

பாடி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது!

அந்த ‘பாடி’யின் பெயர் பவளம். வயது முப்பத்து நான்கு. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை, இரண்டாவது மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு, நான்காவது கட்டில். வாய்க்குள் குழாய். குழாயின் மறுமுனையில் இருந்த மெஷின் புஸ்... புஸ்... என்று அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூடிய இமைகளின் மேல் வெள்ளை டேப். கை, கால், கழுத்து, நாக்கு... ஒன்றும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

காது மட்டும் கேட்டது.

மூளையும் வேலை செய்தது. சும்மா இல்லை, கொதித்துக்கொண்டு!

‘பாடியா? நானா? எந்திரிச்சேன்னா உன் வண்டியில உன்னையவே படுக்கப் போட்டு அனுப்புவேம்ல...’ என்று மனதுக்குள் கத்தினாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஓசூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சுதான் வரும்.

சிஸ்டர் மாதேஸ்வரி டிரைவரை அதட்டினாள். உயிர் இருக்கிற ஆளைப் பாடி என்று சொல்லக் கூடாது, பதினோரு மணிக்குத்தான் குழாயை எடுப்பார்கள், அதுவரை கீழே போய் நில் என்று விரட்டினாள்.

பதினோரு மணி...

இப்போது ஒன்பதரை.

குழாயை எடுத்தால் மூச்சு நிற்கும். மூச்சு நின்றால் டிரைவர் சொன்னது உண்மையாகிவிடும். அதற்குள், தான் முழு நினைவோடு இருப்பதை ஒரே ஓர் ஆளுக்காவது சொல்லியாக வேண்டும்.

சொல்ல அவளிடம் அசைகிற உறுப்பு ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை இரவு பாகலூர்ப் பக்கத்து வாடகை அறையில் பாயை விரித்துப் படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை விடியும்போது அடிவயிற்றைப் பிசைந்தது. எழுந்து உட்கார்ந்தால் இமை இரண்டும் தானாக விழுந்தன. கூப்பிட்டால் குரல் குழறியது. பக்கத்து அறைப் பெண் 108-க்கு போன் செய்தாள்.

அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி, எங்கே வேலை?

ரோஜாப் பண்ணை என்றாள் பக்கத்து அறைப் பெண்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓசூரைச் சுற்றி எத்தனை ரோஜாப் பண்ணை! வாரத்துக்கு ஒருத்தர் பூச்சி மருந்து ஏறி வந்து விழுகிற ஊர். அந்தப் பழக்கத்தில், பூச்சி மருந்தை முறிக்கிற அட்ரோபின் ஊசியை ஏற்று ஏற்று என்று ஏற்றினார்கள். மூச்சு நின்றது. குழாயைச் செருகினார்கள். சனிக்கிழமை பெரிய டாக்டர் வந்து டேப்பைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி அகல விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. கிள்ளினார். அசையவில்லை.

மூளை போய்விட்டது என்றார்.

‘போனது என் மூளை இல்லய்யா!’ என்று பவளம் உள்ளே அலறியதை அவர் கேட்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் எல்லப்பனும் வந்தார். உள்ளூர்க்காரர். தமிழில் கேள்வி கேட்டு, தெலுங்கில் அலுத்துக்கொண்டு, கன்னடத்தில் போன் பேசுகிற மனிதர். பூச்சி மருந்து, தற்கொலை முயற்சி என்று எழுதிக்கொண்டு போனார். பேனா காகிதத்தில் உரசிய சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

தற்கொலையா? யார்? திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் சாட்சி சொல்லப் போகிற பவளமா?

அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. தாடையும் அவள் கட்சியில் இல்லை.

சாட்சி, பண்ணையில் கூட வேலை பார்த்த ரஞ்சிதாவுக்காக.

பண்ணையில் பன்னிரண்டு கூடாரங்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய செடிக் கூடாரங்கள். மருந்து அடித்தால் வாசலில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். ஒரு முழு நாள் அந்தக் கொடி இறங்கக் கூடாது. கொடி இருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. கொடிகளைத் தைத்ததே லைன் சூப்பர்வைசர் பவளம்தான். ஒரே சிவப்புத் துணியை வாங்கி வெட்டி, சிவப்பு நூல் தீர்ந்து போனதால் ஓரத்தை நீல நூலால் மடித்துத் தைத்து, வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

பிப்ரவரியில் காதலர் தினப் பூ வெட்டு. ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழாம் நம்பர் வாசலில் கொடி தொங்கியதைப் பவளம் கண்ணால் பார்த்தாள். திங்கள் விடியற்காலை அங்கே கொடி இல்லை. ரஞ்சிதா கத்தரியோடு உள்ளே போனாள். இருபது பூ வெட்டவில்லை... வாயில் நுரையும் கையில் துடிப்புமாகச் சரிந்தாள்.

நெஞ்சு வலியில் செத்தாள் என்று முடித்தார்கள்.

பவளம் விடவில்லை. அவள் போட்ட சத்தத்தில் எல்லப்பன் வந்து பண்ணை முழுக்கக் கொடியைத் தேடினார். கிடைக்கவில்லை. காற்றில் பறந்திருக்கும் என்றார் மேனேஜர் ராஜேஷ்குமார். பவளம் மனு மேல் மனு போட்டாள். ஐந்து மாதம் கழித்து, நாளைக்குத்தான் விசாரணை.

அந்த மேனேஜர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். கையில் இருபது ரோஜாவோடு! சிஸ்டர் பூவை உள்ளே விடவில்லை. கட்டிலருகே வந்து நின்றார். பாவம், நல்ல உழைப்பாளி என்று உச்சுக்கொட்டினார். அடுத்த நிமிஷமே போனை எடுத்து, பெங்களூரில் இருக்கும் முதலாளியிடம் கன்னடத்தில் பேசினார். நாளைக்கு விசாரணை பிசுபிசுத்துவிடும், இனிமேல் யார் வாயைத் திறக்கப் போகிறார்கள் என்றார்.

பவளத்துக்குக் கன்னடம் வரும். ஒன்பது வருஷப் பழக்கம்.

‘கொடிய எடுத்ததும் நீதான். எனக்கு என்னத்தையோ கொடுத்ததும் நீதான். பாடையில போறவனே!’

திட்டுவதற்கு அவளுக்கு இருந்த வார்த்தைகளில் பாதியைக்கூட இங்கே எழுத முடியாது.

மேனேஜர் போனார். சுரேந்தர் வந்தான்.

அவன் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் மனம் கொஞ்சம் தணிந்தது. சுரேந்தர் அவளுடைய கொழுந்தன். புருஷன் லாரி மோதிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம். அவனுக்குப் பண்ணையில் வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். இன்றைக்கு மருந்து அடிக்கிற கோஷ்டிக்கு அவன்தான் தலைவன். ஒரே குறை, கஞ்சன். கிழிந்த துணி, உடைந்த டப்பா எதையும் எறிய மாட்டான். எல்லாம் பைக் பெட்டிக்குள் போகும். இந்தக் குப்பையை எல்லாம் எதுக்குடா சுமக்கிற என்று அவள் திட்டாத வாரம் இல்லை.

“மதினி...” என்று விம்மினான். “ஊருக்குப் போயிருவோம் மதினி. அண்ணன் பக்கத்துலயே கொண்டு போயி வச்சிருதேன்.”

‘ஏல கிறுக்கா, நான் இருக்கேம்ல! அழாதல! கையெழுத்துப் போடாதல!’

போட்டுவிட்டான். ஆளை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப் போவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. மருத்துவமனையில் செத்தால் போஸ்ட்மார்ட்டம். வழியில் உயிர் போனால் அந்தத் தொல்லை இல்லை என்று அவன் சிஸ்டரிடம் விளக்கினான். நேரே எரித்துவிடலாம்.

அப்புறம் போர்வையை விலக்கும் சத்தம். கால் பக்கம்.

டர்ரென்று ஒரு துணி கிழிந்தது. அவள் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, அந்தத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

சிஸ்டர் மாதேஸ்வரி பதறிப்போனாள். “என்னாங்க இது? உசுரு இருக்கறப்பவே காலைக் கட்டறீங்க?”

“பன்னெண்டு மணி நேரம் போவணும் சிஸ்டர். வழியில வெறச்சிரும். எங்க ஊர்ல இப்பிடித்தான் செய்வாவ.”

‘எந்த ஊர்லல? பொணத்துக்குத்தான் கட்டுவாவ! மூச்சு இருக்கையில கட்டுற வழக்கம் எந்த ஊர்லல இருக்கு?’

போர்வை மறுபடி மூடியது. அன்றைக்கு முதல் தடவையாக பவளத்துக்கு அவன் மேல் எரிச்சல் வந்தது. சாவதற்கு அவளுக்கே அவசரம் இல்லை. இவனுக்கு என்ன அவசரம்?

பத்தேகால்.

கதவு டமாரென்று திறந்தது.

டாக்டர் ஜெயப்ரியா. கிருஷ்ணகிரிப் பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இரண்டு நாள் லீவு முடிந்து வந்தவள், பவளத்தின் ஃபைலைப் புரட்டப் புரட்ட மூச்சு வாங்கினாள். ஓடி வந்ததால் அல்ல. ஆத்திரத்தால்!

“சிஸ்டர், 108-ல எழுதின சீட்டை யாராவது படிச்சீங்களா? இமை தொங்குது. வயித்து வலி. குரல் குழறுது. நுரை இல்ல, வேர்வை இல்ல, தசை துள்ளல் இல்ல. மருந்து வாசனையும் இல்ல. கண்மணி சாதாரணம். இது எப்படி பூச்சி மருந்து ஆவும்?”

“பண்ணையில வேலை டாக்டர். அதான்...”

“பண்ணைன்னு சொன்னதும் பேஷண்டைப் பாக்காம பண்ணையைப் பாத்து ஊசி போட்டிருக்காங்க!” ஃபைல் மேஜையில் விழுந்தது. “இந்த ஊர் ஃபேக்டரி கேட்டை நெனச்சுக்குங்க சிஸ்டர். தசையோட சுவத்துல அது மாதிரி லட்சக்கணக்குல சின்னச் சின்ன கேட்டு இருக்கு. ரிசப்டார்னு படிச்சிருப்பீங்க. மூளை விரலை ஆட்டுன்னு சொன்னா, உத்தரவு நரம்பு வழியா மின்சாரமா ஓடி வரும். ஆனா நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டாது. அதனால நரம்பு முனை அங்க அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனத்தைக் கொட்டும். அதுங்கதான் கம்பெனி பஸ்ல வந்து இறங்குற ஆளுங்க. ரெண்டு பேரு கார்டைப் போட்டாத்தான் ஒரு கேட்டு தெறக்கும். தெறந்தா வெளிய காத்துட்டிருக்கற சோடியம் அயனி எல்லாம் திமுதிமுன்னு உள்ள பாயும். தசை இழுக்கும். விரல் ஆடும்.”

“அப்பறம்?”

“அப்பறம் செக்யூரிட்டி வந்து கார்டுக்காரங்களைத் துரத்துவான். அது ஒரு என்சைம். பூச்சி மருந்து அந்த செக்யூரிட்டியைத்தான் கட்டிப் போடும். ஆளுங்க போவாம நின்னு திரும்பத் திரும்ப கார்டைப் போடுவாங்க. தசை துள்ளும். அதே ரசாயனம் கண்ணுலயும் சுரப்பியிலயும் தேங்கி, கண்மணி கடுகா சுருங்கும், வாயில நுரை தள்ளும். இந்தம்மாவுக்கு நேர் எதிரு. கார்டு போடற ஓட்டையிலயே எதுவோ போய் ஒட்டிட்டிருக்கு. பஸ்ஸும் வரல. கேட்டு தெறக்கவே இல்ல.”

“எது டாக்டர் அப்படிப் பண்ணும்?”

“கட்டுவிரியன் விஷம்.”

சிஸ்டர் பவளத்தின் கைகளைப் புரட்டிக் கடித்த தடம் தேடினாள்.

“தூங்கறப்ப கடிக்கும். வலிக்காது. கடிச்ச தடம்கூட பாதிப் பேருக்குத் தெரியாது.”

“ஆனா கண்மணி விரிஞ்சிருக்கே? பெரிய டாக்டர் மூளை...”

“அட்ரோபினை அவ்வளவு ஏத்தினா உங்க கண்மணியும் விரியும், என் கண்மணியும் விரியும்!” டாக்டரின் குரல் உடைந்தது. “மூளைக்கு ஒண்ணுமே ஆவல சிஸ்டர். உத்தரவு போயிட்டேதான் இருக்குது. கேட்டுதான் தெறக்கல. இவங்க நாம பேசறது எல்லாத்தையும் மூணு நாளா கேட்டுட்டு இருக்கலாம்.”

பவளத்துக்கு அழுகை வந்தது. அழத்தான் முடியவில்லை. அந்த அட்ரோபின் கண்ணீரையும் காய வைத்திருந்தது.

டாக்டர் உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னாள். பெரிய டாக்டருக்கு போன் போட்டாள். மறுமுனையில் சத்தம். உறவுக்காரர் கையெழுத்துப் போட்டாயிற்று, ஆம்புலன்ஸ் நிற்கிறது, நீ புதுசு, சும்மா இரு. ஜெயப்ரியா சும்மா இருக்கிற ஜாதி இல்லை. நினைவு இருக்கிறது என்று பதினோரு மணிக்குள் நிரூபிக்கிறேன், அதுவரை குழாயை யாராவது தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பத்து நாற்பதுக்கு சுரேந்தர் திரும்பி வந்தான். கூடவே எல்லப்பன். வாக்குமூலத்தில் சுரேந்தரின் கையெழுத்து வாங்க வந்தவர், டாக்டர் சொன்னதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“பாம்பா? மூணாவது மாடி ரூம்ல பாம்பு எப்படிம்மா ஏறும்?”

பவளம் திடுக்கிட்டாள். ஆமாம்... மூன்றாவது மாடி. கதவைத் தாழ் போட்டுப் படுத்தாள். பாம்பு தானாக வரவில்லை. யாரோ கொண்டு வந்திருக்கிறார்கள்!

மேனேஜர் அவள் அறைக்கு வந்ததே இல்லை. வியாழக்கிழமை அந்த அறைக்குள் வந்து, சாப்பிட்டு, பாயையும் தலையணையையும் மூலையில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனவன்...

சீ, இருக்காது. அவன் நம்ம பிள்ளை.

“டாக்டரம்மா, பெரிய டாக்டரே சொல்லிட்டாவ” என்றான் நம்ம பிள்ளை. “மதினிய இன்னும் எதுக்கு வதைக்கிய? பதினொண்ணு ஆவப் போவுது.”

டாக்டர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. பவளத்தின் காதருகே குனிந்தாள்.

“பவளம்... நான் டாக்டர் ஜெயப்ரியா. நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். விரலை ஆட்டுங்க. ஏதாவது ஒரு விரல்.”

பவளம் வலது கை ஆள்காட்டி விரலுக்கு உத்தரவு போட்டாள். போகவில்லை. இடது கை... போகவில்லை. பத்து விரலுக்கும் மாறி மாறிப் போட்டாள். எந்தக் கேட்டும் திறக்கவில்லை.

எல்லப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து ஐம்பது என்றார்.

“கால் விரல்தான் சில பேருக்கு மொதல்ல திரும்பும்” என்றாள் டாக்டர். இமை மேலிருந்த டேப்பைப் பிரித்தாள். கட்டை விரலால் பவளத்தின் வலது இமையை உயர்த்திப் பிடித்தாள். “நீங்களும் பாருங்க பவளம். உங்க காலைப் பாருங்க. சிஸ்டர், போர்வையை எடுங்க!”

பெரிய டாக்டரின் டார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் வெளிச்சம்! கண்ணைக் குத்தியது. கட்டிலின் தலைமாடு உயர்த்தியிருந்தது. விரிந்த கண்மணிக்குக் கிட்டத்தில் இருந்தது எல்லாம் கலங்கல். தூரத்தில் இருந்தது மெல்ல மெல்லத் தெளிந்தது.

அவளுடைய இரண்டு பாதங்கள்.

கட்டைவிரல்களைச் சுற்றி ஒரு துணி. முடிச்சுக்கு மேல் ஒரு முனை நீளமாகத் தொங்கியது.

சிவப்புத் துணி.

ஓரத்தில் நீல நூல் தையல்! துணியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. ஏழின் பாதி.

பவளம் தைத்த தையல். பவளம் போட்ட நம்பர்.

ஐந்து மாதமாக ஒரு போலீஸ் ஸ்டேஷனே தேடிய கொடி, அவள் காலில் கட்டியிருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவனுக்காகவா சோறு பொங்கினேன்? இவனிடமா உட்கார்ந்து, கொடியை எடுத்தவனை விட மாட்டேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அது அங்கே தொங்கியதைத் திங்கட்கிழமை சொல்லத்தான் போகிறேன் என்று வாய் கிழியச் சொன்னேன்?

“இதை யாரு கட்டினது?” டாக்டர் சீறினாள். “உசுரோட இருக்கறவங்க காலை! கத்தரிக்கோல் குடுங்க.”

“நீங்க விடுங்க டாக்டரம்மா, நானே அவுக்கேன்” என்றான் சுரேந்தர். குரலில் அவசரம். இரண்டு எட்டில் கால்மாட்டுக்கு வந்துவிட்டான். கை முடிச்சை நோக்கி நீண்டது.

அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ரஞ்சிதாவும் போனாள், பவளமும் போனாள்.

‘தொடாதல!’

அவளிடம் இருந்த உயிர் மொத்தத்தையும் ஒரே உத்தரவாகத் திரட்டி வலது கால் கட்டைவிரலுக்கு அனுப்பினாள். ‘ஆடு... ஆடு சனியனே... ரஞ்சிதாவுக்காக ஆடு!’

எங்கோ சில கேட்டுகள் திறந்தன.

விரல் அசைந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது. அவ்வளவு சின்ன அசைவு. ஆனால் விரலில் கட்டிய துணியின் தொங்கும் முனை நடுங்கியது. சிவப்பு நிறம். எதிரே வெள்ளைச் சுவர். அறையில் இருந்த நாலு பேரும் பார்த்தார்கள்.

“யாரும் தொடாதீங்க!” என்று கத்தினாள் டாக்டர்.

சுரேந்தரின் கை அந்தரத்தில் நின்றது.

“பவளம், கேக்குதுன்னா ஒரு தடவை ஆட்டுங்க.”

துணி முனை ஒரு தடவை ஆடியது.

சிஸ்டர் மாதேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை என்று டாக்டர் விதி சொன்னாள். எல்லப்பன் முன்னால் வந்தார்.

“ஏம்மா, நீயா மருந்து குடிச்சியா?”

இரண்டு.

“உன்னைய யாராவது கொல்லப் பாத்தாங்களா?”

ஒன்று.

“மேனேஜரா?”

மூன்று நாளாக அந்த மனிதரைத் திட்டித் தீர்த்திருந்தாள் பவளம். இப்போது நியாயம் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டு.

“இங்க இருக்கற ஆளா?”

ஒன்று.

சுரேந்தர் சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது. “மதினிக்குப் புத்தி பேதலிச்சுட்டு சார். சும்மா நரம்பு இழுக்கு. இதப் போயி...”

“சுரேந்தரா?” என்று கேட்டார் எல்லப்பன்.

துணி ஒரு தடவை ஆடியது.

இரண்டாவது ஆட்டத்துக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முக்கியமாக சுரேந்தர்.

ஆடவில்லை.

எல்லப்பன் அப்போதுதான் துணியை உற்றுப் பார்த்தார். குனிந்தார். நீல நூலை விரலால் தடவினார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

“இந்தத் துணி ஏதுடா?”

“கடையில... கடையில வாங்குனேன் சார்.”

“எந்தக் கடையில? பிப்ரவரி மாசம் பன்னெண்டு கூடாரத்தையும் நான் அலசினேன்டா. பதினொரு கொடி இருந்துச்சு. எல்லாத்துலயும் நீல நூலு. ஏழாம் நம்பரு மட்டும் இல்ல. அது எந்தக் கடைக்கு விற்பனைக்கு வந்துச்சு? பைக் சாவியைக் குடு.”

சுரேந்தர் கதவைப் பார்த்தான். அதற்குள் டாக்டர் போய்க் கதவை மறித்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தவன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

ஆம்புலன்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது பைக். பெட்டிக்குள் சைக்கிள் டியூப், உடைந்த பூட்டு, துரு ஏறிய ஸ்பானர், எண்ணெய் துடைத்துத் துடைத்துப் பழுப்பேறிய மிச்சக் கொடி. அதில் ஏழின் மறுபாதி. ஐந்து மாதமாகத் துடைப்புத் துணியாகவே இருந்ததில், அது கொடி என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அடியில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே பாம்பு உரித்த சட்டைத் துணுக்கு ஒன்று.

எறிய மனசு வரவில்லையாம்! நல்ல ஜாடியாம்!

ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான். பிப்ரவரியில் சனிக்கிழமை அடிக்க வேண்டிய மருந்தை அவன் அடிக்கவில்லை. எருது விடும் விழா பார்க்கப் போய்விட்டான். ரெஜிஸ்டரில் மட்டும் சனிக்கிழமை அடித்ததாக எழுதி, ஞாயிறு சாயங்காலம் அடித்தான். திங்கள் காலை பூ வெட்டும்போது கொடி இருந்தால் குட்டு வெளிப்படும். விடியுமுன் அவிழ்த்துப் பெட்டிக்குள் திணித்தான். ரஞ்சிதா செத்தாள். பவளம் ஞாயிற்றுக்கிழமைக் கொடியைப் பற்றி விசாரணையில் சொன்னால் மேனேஜர் ரெஜிஸ்டரை நீட்டுவார், நேரே தன் கழுத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டான். பண்ணையின் தேங்காய் நார்த் தூள் குவியலில் பிடித்த கட்டுவிரியனை ஜாடியில் கொண்டு வந்து தலையணை உறைக்குள் விட்டான். சோறு போட்டவளின் தலையணையில்!

ஒரு மாடு ஓடுவதைப் பார்க்கப் போனதற்கு ஒரு பெண்ணின் உயிர். அதை மறைக்க இன்னொரு பெண்ணின் உயிர். இவனை எல்லாம் என்ன செய்தால் தகும்?

மேனேஜரும் தப்பவில்லை. கொடி காணாமல் போனதைக் காற்றின் மேல் போட்டு நெஞ்சு வலி என்று எழுத வைத்ததற்கு விசாரணையில் அவர் நாக்கு உலர்ந்தது. சாட்சி வர முடியாததால் விசாரணை அதிகாரி சாட்சியின் கட்டிலுக்கே வந்தார். பவளத்தின் கட்டைவிரல் ஐம்பத்தெட்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது.

ஏழாவது நாள் குழாய் வெளியே வந்தது. இமை பாதிதான் திறந்தது. தொண்டையில் குரல் சரளைக்கல் போல் உருண்டது. ஜெயப்ரியா தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது எல்லப்பன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“எப்படிம்மா இருக்க? தற்கொலைன்னு எழுதினதுக்கு... தப்புதான்.”

பவளம் பாதி இமையால் முறைத்தாள். அவர் வேகமாக அடுத்த விஷயத்துக்குத் தாவினார்.

“உன் கொழுந்தன் ஜெயில்ல அழுதுட்டே இருக்கறான். ஒரே ஒரு தடவை உன் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணுமாம்.”

பவளம் எச்சிலை விழுங்கினாள். வலித்தது. இருந்தாலும் சொன்னாள்.

“ஒருக்கா பிடிச்சதுக்கே ஜெயிலுக்குப் போயிட்டான். இன்னொருக்கா பிடிச்சா தூக்குதாம்லன்னு சொல்லுங்க சார்...”